வீழ்படிவு

"என்.ஏ. எழுதிட்டீங்களா டீச்சர்? அதுக்குத் தலைக்கு மேலே சின்னதா ஒரு பிளஸ்" என்றான் காளிராஜ். தங்கபுஷ்பம் டீச்சர் பிள்ளைக்குப் பொட்டு வைக்கிற மாதிரி வைத்தாள். அவளுக்குத் தெரிந்தது ஊசியும் நூலும். அந்தப் பள்ளிக்கூடத்தில் அவள் தையல் டீச்சர், அதுவும் பகுதிநேரம், வாரத்தில் மூன்று நாள். ரசாயனம் என்றால் என்னவென்று தெரியாததினால்தான் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். கண் தெரியாத பிள்ளைக்குப் பரீட்சை எழுத வருகிறவருக்கு அந்தப் பாடம் தெரிந்திருக்கக் கூடாதாம், தெரிந்தால் கை சும்மா இருக்காதாம். பெரிய சார் கூப்பிட்டுச் சொன்னார்: "அவன் வாயில வாரதை மட்டும் எழுதுங்க டீச்சர். ஒரு புள்ளி கூடவும் கூடாது, குறையவும் கூடாது. மாட்டிக்கிட்டா உங்களுக்கு ஒண்ணுமில்ல, அவன் பேப்பர் செல்லாமப் போயிரும்." சரி சார், சரி சார் என்று தலையாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தவள்தான். மற்ற பிள்ளைகளுக்குத் தொந்தரவு இல்லாமல் இருக்கட்டும் என்று இந்த ரெண்டு பேரையும் ஆய்வகத்தில் போட்டுவிட்டார்கள். பழுப்புப் பாட்டில்கள் வரிசையாக அலமாரியில் நின்றன. அழுகின முட்டையும் பினாயிலும் கலந்த மாதிரி ஒரு வாடை, சேலையில் ஏறினால் ரெண்டு அலசலுக்குப் போகாத வாடை. வாசல் பக்கம் நாற்காலியில் ஆவுடையப்பன் சார், வெளியூர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து மேற்பார்வைக்கு வந்தவர், தூங்குகிறாரா முழித்திருக்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியாத ஒரு இருப்பில் இருந்தார். மின்விசிறி சுற்றும்போது டக் டக்கென்று ஒரு சத்தம். அதுவும் அவள் வீட்டு மின்விசிறி மாதிரியேதான். அதற்குக் கீழேதான் அவள் மகன் தவசி படுத்திருப்பான். காலையில் வரும்போது சோற்றை மூடி வைத்துவிட்டு வந்தாள், திறந்திருப்பானா, திறந்திருக்க மாட்டான், திரும்பிப் போகும்போது மூடின தட்டு மூடின மேனிக்கு இருக்கும், அதன் மேல் எறும்பு ஒரு கோடு போட்டிருக்கும். "பிளஸ் வச்சிட்டீங்களா டீச்சர்?" வச்சிட்டேன் ராசா, வச்சிட்டேன்.

அவன் சொல்வதில் அவளுக்கு ஒரு எழவும் புரியவில்லை, ஆனாலும் காது சும்மா கிடக்குமா. மூன்றாவது கேள்வி போவதற்குள் அந்தச் சங்கதியின் தையல் எங்கே ஓடுகிறது என்று அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. ரெண்டு பாட்டில் தண்ணீர். ரெண்டும் பார்வைக்குத் தெளிவு, ஆனால் ரெண்டிலும் ஏதோ கரைந்து கிடக்கிறது. கரைந்ததெல்லாம் தண்ணீருக்குள் ஜோடி பிரிந்து தனித்தனியாக நிற்கிறதாம், ஒன்றுக்குத் தலையில் பிளஸ், ஒன்றுக்கு மைனஸ். இதையும் அதையும் ஒன்றாக ஊற்றினால் முன்னதின் முன்துண்டும் பின்னதின் பின்துண்டும் சேர்ந்து, தண்ணீரில் கரையாத ஒரு பொருளாகி, வெள்ளையாக அடியில் போய் உட்காருகிறது. அதற்குப் பேர் வீழ்படிவு. அதற்குப் பக்கத்தில் கீழே பார்த்து ஒரு அம்புக்குறி போட வேண்டும். பாக்கியெல்லாம் முன்னாலும் தண்ணீரில் நின்றது, பின்னாலும் அதே மாதிரி நிற்கிறது, அதற்கு இதில் ஒரு வேலையும் இல்லை. "ரெண்டு பக்கமும் இருக்கிறதை அடிச்சிருங்க டீச்சர், அதுங்க சும்மா வேடிக்கை பார்க்க வந்ததுங்க" என்று சொல்லி அவன் சிரித்தான். வெள்ளி நைட்ரேட்டுக்கும் அப்படித்தான், பேரியத்துக்கும் அப்படித்தான். அடித்த பிறகு மிச்சம் நிற்கிறதைக் கீழே தனியாக எழுதினால் அதுதான் விடை, நிகர அயனிச் சமன்பாடு. ஜாக்கெட் வெட்டுகிற மாதிரிதான் என்று அவள் நினைத்துக்கொண்டாள், முன்பாகம் பின்பாகம் சேர்த்தால் ஒரு உருப்படி, வெட்டு விழுந்த துணியெல்லாம் குப்பைக்கு. ஆனால் அடிக்கச் சொல்லும்போதெல்லாம் அவள் கை ஒரு கணம் தயங்கித்தான் அடித்தது. எழுதினதை அடிப்பது அவளுக்கு ஆகாது. தையலைப் பிரித்தால்கூடத் துணியில் ஊசித் துளை நிற்கும், வரிசையாக, பார்க்கிறவனுக்குத் தெரியும் இங்கே ஒரு தையல் இருந்தது என்று.

காளிராஜ் சொல்லும்போது முகத்தைக் கூரை பக்கம் தூக்கி வைத்துக்கொண்டுதான் சொன்னான். புருவமே இல்லாத முகம். இமைத்தோல் இழுத்துத் தைத்த மாதிரி ஒரு பக்கம் சுருங்கியிருந்தது, நல்ல தையல்காரன் அப்படி இழுக்க மாட்டான் என்று பார்த்த முதல் நிமிசமே அவளுக்குத் தோன்றி, சீ, என்ன புத்தி இது என்று தன்னையே ஏசிக்கொண்டாள். கோடை லீவில் வெடிப் பட்டறைக்கு மருந்து சலிக்கப் போன பையன். எதோடு எது சேர்ந்ததோ. அவன் கூடப் போன ரெண்டு பேர் திரும்பி வரவில்லை, இவன் வந்தான், கண் வரவில்லை. பாதிப் படிப்பில் கண் போனதால் புத்தகத்தில் பாதி இவன் கண்ணால் பார்த்தது, பாதி அக்கா மாரிக்கனி உட்கார்ந்து வாசித்துக் காட்டினது. இதோடு இந்தப் பரீட்சையை மூன்றாம் தடவை எழுதுகிறான். மதுரையில் ஒரு கல்லூரியில் வரலாறு படிக்க இடம் தருகிறோம், பிளஸ் டூ தேறிக்கொண்டு வா என்று சொல்லியிருக்கிறார்களாம், இந்த வருசத்துக்கு மேல் இடம் நிற்காதாம். இல்லையென்றால் வீடுதான். காலையில் மணி அடிப்பதற்கு முன்னால் மாரிக்கனி அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது அதைத்தான்: "டீச்சர், இவன் வீட்டுக்குள்ள உக்காந்துட்டான்னா அப்புறம் எந்திரிக்க மாட்டான் டீச்சர்." வீட்டுக்குள் உட்காருகிறதைப் பற்றி தங்கபுஷ்பத்திடம் வந்தா சொல்ல வேண்டும். தவசிக்குக் கண் நன்றாகத்தான் இருக்கிறது. சுவரைப் பார்க்க அது போதும். அந்தச் சுவரில் அவன் முகத்துக்கு நேரே எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒரு வட்டம் விழுந்துவிட்டது, மூச்சுப் பட்டுப் பட்டு. வெள்ளையடிக்க வந்த ஆள், "அந்த அண்ணனை ஒரு அரைநாள் எந்திரிக்கச் சொல்லுங்கக்கா" என்றான். அவள் சொல்லவில்லை, அந்தச் சுவரை மட்டும் விட்டுவிட்டு மற்ற மூன்றையும் அடித்துவிட்டுப் போனான்.

"டீச்சர்" என்று காளிராஜ் குரலைத் தணித்தான், "இதுவரைக்கும் எழுதினது பத்தாது. நான் மனசுல போட்டுப் பார்த்துட்டேன். அடுத்த அஞ்சு மார்க் கேள்வி இருக்குல்ல, அது வந்தாத்தான் கரையேறுவேன். இன்னொரு தடவை வாசிங்க." வாசிக்கலாம், வாசிப்பதற்குத் தடையில்லை. சோடியம் குளோரைடு கரைசலுடன் பொட்டாசியம் நைட்ரேட் கரைசலைச் சேர்க்கும்போது நிகழ்வதை நிகர அயனிச் சமன்பாட்டின் மூலம் விளக்குக. ஆவுடையப்பன் சார் எழுந்து சன்னலோரம் போய் நின்று காலை உதறிவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தார். வெளியே மற்ற பிள்ளைகளுக்கு மணி அடித்து முடிந்து, சைக்கிள் சத்தமும் சிரிப்பும் வாசல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. இவனுக்கு மட்டும் கூடுதல் நேரம். அந்தக் கூடுதலும் வெயிலில் வைத்த ஐஸ் மாதிரி போய்க்கொண்டிருந்தது. "சொல்றேன் எழுதுங்க" என்றான். என்.ஏ. பிளஸ், சி.எல். மைனஸ், கே. பிளஸ், என்.ஓ. மூணு மைனஸ், அம்புக்குறி, அந்தப் பக்கமும் அதே நாலு. அவள் ஒவ்வொன்றாக எழுதினாள். எழுத எழுதவே அவளுக்கு ஏதோ இடறியது. இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கமும் அதே நாலு, புதுசாக ஒன்றும் வரக்காணோமே. "இப்ப அடிங்க டீச்சர்" என்றான். "சோடியத்தை ரெண்டு பக்கமும். குளோரைடை ரெண்டு பக்கமும். பொட்டாசியத்தையும். நைட்ரேட்டையும்." அவள் பேனாவைத் தாளை விட்டுத் தூக்கினாள். "ராசா, எல்லாத்தையுமா?" கேட்டிருக்கக் கூடாது, வாய் கேட்டுவிட்டது. ஆவுடையப்பன் சார் தொண்டையைச் செருமினார். காளிராஜ் கூரையைப் பார்த்துத் தலையை ஆட்டினான். "எல்லாத்தையும்தான் டீச்சர். அடிச்சிட்டு, கீழே வினை இல்லைன்னு எழுதிருங்க. அவ்ளோதான்."

எல்லாத்தையும்தான். அந்த வார்த்தையில் அவளுக்கு ஆய்வகம் போய், வாடை போய், வேறொரு கூடம் வந்துவிட்டது. அவள் அன்றைக்கு அந்தக் கூடத்தில் இல்லை, ஆனால் இருந்தவளைவிட நன்றாகப் பார்த்திருக்கிறாள், எத்தனையோ தடவை. தவசியின் பரீட்சைக்கு மேற்பார்வையாக இருந்த ஆள் அவளுக்குத் தெரிந்தவர், சாயங்காலம் வீட்டுக்கே வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்று சொன்னார்: "எல்லாக் கேள்விக்கும் எழுதியிருந்தான் டீச்சர், நான் பார்த்தேன். மணி அடிக்கப் போற நேரத்துல முதல் பக்கத்துலயிருந்து ஸ்கேலை வச்சு அடிக்க ஆரம்பிச்சிட்டான். தம்பி என்னப்பா செய்யிறேன்னு கேட்டேன். ஒண்ணுமில்ல சார்னு சொல்லிட்டு அடிச்சிக்கிட்டே இருந்தான்." ஸ்கேல் வைத்து, கோணாமல். அந்த ஒழுங்கை அவள்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள், துணியில் சாக்கட்டி கோடு போடும்போது பக்கத்தில் உட்கார வைத்து. வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் படுத்தான். அன்றைக்குப் படுத்தவன்தான். அந்த ஆளுக்கு ஒரு எட்டு எடுத்து வைத்து அந்தப் பேனாவைப் பிடுங்கத் தெரியவில்லையே என்று அவள் எத்தனை நாள் பொருமியிருப்பாள். விதியாம், எழுதுகிற பிள்ளையின் கையைப் பிடிக்கக் கூடாதாம். இப்போது பேனா அவள் கையில் இருந்தது. இவனும் ஒண்ணுமில்லை என்கிறான். இவனும் கூரையைப் பார்த்துக்கொண்டு, சிரிக்கிற முகமாக, அவ்ளோதான் என்கிறான். ஒன்றுமே ஆகாததை விளக்குக என்று எந்தப் பைத்தியக்காரன் கேள்வி கேட்பான். அஞ்சு மார்க் கொடுத்துக் கேட்கிறான் என்றால் அங்கே ஏதோ இருக்கிறது, பையனுக்கு மறந்துவிட்டது, மறந்ததும் மனசு விட்டுப்போச்சு. காலியாக விட்டால் பூஜ்யம். தப்போ சரியோ ஒன்றை எழுதி வைத்தால் திருத்துகிறவன் மனசு இரங்கி ஒன்றாவது ரெண்டாவது போடுவான், எல்லா டீச்சரும் எல்லா வகுப்பிலும் சொல்வது அதுதானே, அவளே சொல்லியிருக்கிறாள், எம்ப்ராய்டரி முடியாவிட்டாலும் பரவாயில்லை, பூவுக்கு ஒரு இதழாவது போட்டு வை என்று. "அடிச்சிட்டீங்களா டீச்சர்? சத்தமே கேக்கலையே" என்றான் காளிராஜ்.

ஆமாம், அவன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டல்லவா இருக்கிறான். பேனா தாளில் போகிற சத்தம்தான் அவனுக்குக் கண். தங்கபுஷ்பம் ஆவுடையப்பன் சாரைப் பார்த்தாள், அவர் மோவாய் நெஞ்சில் கிடந்தது. தாளை மெல்ல ஒரு விரற்கடை நகர்த்தினாள். தாளுக்குப் பக்கத்தில் மேசைப் பலகையில், அமிலம் பட்டு அங்கங்கே கறுத்த அந்தப் பழைய பலகையில், பேனாவை அழுத்தி ஒரு கோடு இழுத்தாள். சர்ரென்று கேட்டது. இன்னொரு கோடு. இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு, எல்லாம் பலகையில். தாளில் நாலும் நாலும் அடிபடாமல், தலையில் பொட்டோடு நின்றன. பிறகு கீழே, அவன் வினை இல்லை என்று எழுதச் சொன்ன இடத்தில், இவ்வளவு நேரம் அவன் சொல்லி அவள் எழுதின வழியிலேயே, முன்னதின் முன்துண்டை எடுத்துப் பின்னதின் பின்துண்டோடு சேர்த்து, என்.ஏ. என்.ஓ. மூணு என்று எழுதி, பக்கத்தில் கீழே பார்த்து ஒரு அம்புக்குறி போட்டு, வெள்ளை நிற வீழ்படிவு என்றும் எழுதிவிட்டாள். பொத்தானுக்குக் காஜா எடுக்கிற மாதிரி நிதானமாகப் போனது கை. வினை இல்லை என்பதைவிட இது நீளம், சத்தம் நீளமாக இருக்குமே என்று ஒரு பயம் வந்தது. ஆனால் அவன் சந்தோசமாக விரலால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். அந்தத் தாளத்தைப் பார்த்து, பாவம், நொந்துபோன பிள்ளை வெளியே காட்டிக்கொள்ளாமல் இருக்கிறான், தவசியும் அன்றைக்குக் காலையில் விசிலடித்துக்கொண்டுதான் போனான் என்று நினைத்தாள். நெஞ்சுக்குள் ஒரு ஈரம் ஊறியது. யாருக்கோ எப்போதோ செய்ய வேண்டியதை இன்றைக்குச் செய்துவிட்ட மாதிரி, படுத்திருந்தவன் ஒருக்களித்துத் திரும்பி இந்தப் பக்கம் பார்த்த மாதிரி. அது கொஞ்ச நேரம்தான் இருந்தது.

மணி அடித்தது. ஆவுடையப்பன் சார் திடுக்கிட்டு எழுந்து, தாள்களை எண்ணிப் பார்த்து நூலை நீட்டினார். தங்கபுஷ்பமே கட்டினாள். முடிச்சுப் போடுவதில் அவளை அடித்துக்கொள்ள அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆளில்லை. அவர் கட்டினதை உறையில் போட்டு, ஒட்டி, ஒட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு பெரிய சார் அறைக்குப் போனார். மாரிக்கனி உள்ளே ஓடி வந்தாள். "எப்படிடா எழுதின?" என்று தம்பியின் தலையைப் பிடித்து ஆட்டினாள். "நான் எங்க எழுதினேன், டீச்சர்ல எழுதினாங்க" என்று சிரித்துவிட்டு அவன் சொன்னான்: "அக்கா, நான் சொல்லிக்கிட்டே இருந்தேன்ல ஒரு கேள்வி, மாட்டிவிடுற கேள்வி, அது வந்துருச்சுக்கா. சாதா உப்பும் பொட்டாசியம் நைட்ரேட்டும். எல்லாப் பயலும் ஏமாந்துபோய் அம்புக்குறி போட்டு வீழ்படிவுன்னு எழுதி வச்சிருப்பான், பாரேன். அங்க ஒண்ணுமே நடக்காது. ரெண்டு பக்கமும் எல்லாமே ஒண்ணு. எல்லாத்தையும் அடிச்சிட்டு வினை இல்லைன்னு எழுதினா அஞ்சுக்கு அஞ்சு." மாரிக்கனி "ஒண்ணும் நடக்காததுக்கா அஞ்சு மார்க்கு? நல்ல படிப்புடா" என்றாள். "சிரிக்காதக்கா. எனக்கு அந்தப் புத்தகத்துலயே ரொம்பப் பிடிச்ச கேள்வி அதுதான். ரெண்டைச் சேர்த்தாலும் ஒண்ணும் ஆகாம, சத்தமில்லாம, அது பாட்டுக்கு இருக்குது பாரு." சொல்லிவிட்டு முகத்தை டீச்சர் இருக்கிற பக்கமாகத் திருப்பினான். "தேறிட்டேன்னு வச்சுக்கோங்க டீச்சர்."

தங்கபுஷ்பம் வாசல் பக்கம் பார்த்தாள். பெரிய சார் அறை வராந்தாக் கோடியில்தான் இருக்கிறது, ஓடினால் ஓடிவிடலாம், உறையில் மெழுகு இன்னும் வைத்திருக்க மாட்டார்கள். ஓடி என்ன சொல்ல. சார், பையன் சரியாகச் சொன்னான், நான்தான் மாற்றி எழுதினேன் என்றா. சொன்ன மறுநிமிசம் அவன் பேப்பர் முழுசும் செல்லாது. வெள்ளியும் பேரியமும் எல்லாமும் போகும். சொல்லாவிட்டால் இந்த அஞ்சு மட்டும் போகும், இந்த அஞ்சு போனாலே அவன் கரையேறவில்லை. சொன்னாலும் அதே, சொல்லாவிட்டாலும் அதே. இந்தப் பக்கம் என்ன நிற்கிறதோ அந்தப் பக்கமும் அதேதான் நிற்கிறது. ரிசல்ட் வருகிற அன்றைக்கு அக்காளும் தம்பியும் திரும்பத் திரும்ப யோசிப்பார்கள், எங்கே போச்சு, எதிலே போச்சு என்று. அந்தக் கேள்வி மேல் மட்டும் சந்தேகமே வராது. அதைத்தான் அவன் கடைசி வரைக்கும் நம்பிக்கொண்டு படுத்திருப்பான். காளிராஜ் எழுந்து, கம்பைத் தேடி மேசையின் மேல் கையைத் துழாவினான். விரல்கள் பலகையில் ஊர்ந்து வந்து ஒரு இடத்தில் நின்றன, ஒரு கோட்டைத் தடவின, அடுத்ததைத் தடவின. "இதென்ன டீச்சர், புதுசா இருக்கு? காலையில இங்க வழவழன்னுல இருந்துச்சு." அவள் "பழசு ராசா. பிள்ளைங்க கீறி வச்சிருக்கும்" என்றாள். "சேட்டைக்காரப் பயலுக" என்று சொல்லி அவன் கையை எடுத்துக்கொண்டான். விரல் நுனியில் நீலமாக மை ஒட்டியிருந்தது, அவனுக்குத் தெரியவில்லை. மாரிக்கனி பார்த்து, தன் முந்தானையால் துடைத்துவிட்டாள், எங்கே ஒட்டினது என்று கேட்கவில்லை. வாசல் வரைக்கும் போனவன் நின்று திரும்பினான். "டீச்சர், வெள்ளிக்கிழமை பௌதிகம் இருக்கு. வேற யாரையும் போடாதீங்கன்னு பெரிய சார்கிட்ட நான் கேட்டுக்கிடுறேன். நீங்கன்னா எனக்குக் கவலையில்ல, சொன்னது சொன்னபடி எழுதுறீங்க. வருவீங்கள்ல?" அலமாரியில் பாட்டில்கள் அதே வரிசையில் நின்றுகொண்டிருந்தன. மின்விசிறி டக் டக்கென்றது. "வாரேன் ராசா" என்றாள்.